இன்னோர் ஆசிரியரின் வகுப்பில்



தையற்கடையில் தொழில் பழக வரும் பையன், காஜா எடுத்தபடியே பல மாதங்கள் உஸ்தாதின் கத்தரிக்கோல் செல்லும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாண வீட்டில் பண்டாரிக்கு உதவியாக நிற்பவர், தேக்சாவுக்கு எப்போது தம் போடுவது என்னும் பக்குவத்தைப் பக்கத்தில் நின்றுதான் கற்கிறார். மருத்துவம் பயில்வோரும் மூத்த மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கும்போது கட்டிலைச் சுற்றி நின்று கவனிக்கின்றனர். பார்த்துப் பழகாமல் வந்த தொழில் உலகில் உண்டா?

ஒரு தொழில் உண்டு, அதுதான் கற்பித்தல். பள்ளிக்கூட ஆசிரியராக விரும்புவோர் பி.எட். படிக்கும் காலத்திலேனும் சில வகுப்புகளில் அமர்ந்து பார்க்கின்றனர். கல்லூரிகளில் அந்த வாய்ப்பும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலைப் பட்டத்தையும், அத்துடன் நெட், செட் தேர்ச்சியையோ முனைவர் பட்டத்தையோ கேட்கின்றனவேயன்றி, கற்பிக்கப் பயின்றதற்கான சான்றைக் கேட்பதில்லை. நம் மதரஸாக்களிலும் ஸனது பெற்று வெளிவரும் இளைஞர் பெரும்பாலும் அடுத்த ஷவ்வாலிலேயே கிதாபைக் கையில் எடுத்துப் பாடம் சொல்ல அமர்ந்துவிடுகிறார். அதன்பின் வகுப்பறைக் கதவு சாத்தப்படுகிறது. இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் கழிந்தாலும், பக்கத்து அறையில் சக ஆசிரியர் எவ்வாறு பாடம் நடத்துகிறார் என்பதை ஒருமுறையேனும் கண்டிராமல் ஓய்வு பெறுவோர் எத்தனை பேர்!

இதனால் நட்டம் ஆசிரியருக்கு மட்டுமென்று எண்ணிவிடலாகாது. நாம் அனுப்பும் பிள்ளை நான்காவது வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கிறான். அவனுக்குப் புரிந்ததா, இல்லையா என்பது பாடம் சொல்பவருக்குத் தெரிவதில்லை. தேர்வு முடிவு வெளிவரும் நாளில்தான் வீட்டுக்கும் தெரிகிறது. எனவே, இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து கற்பதைப் பற்றிய இம்மாதப் பேச்சு, ஆசிரியர்களுக்கு உரியது போலவே பெற்றோருக்கும் உரியது.

முஈத் என்னும் பதவி

இது நமக்குப் புதிய வழக்கமன்று. பழங்கால மதரஸாக்களில் முதர்ரிஸ் எனப்படும் பேராசிரியருக்கு அடுத்த நிலையில் முஈத் என்று ஒருவர் இருந்தார். முதர்ரிஸ் பாடம் சொல்லும் சபையில் அவரும் அமர்ந்து கேட்பார். சபை கலைந்தபின் மாணவர்களுக்கு அப்பாடத்தைத் திரும்ப எடுத்துரைத்து, விளங்காத இடங்களை விளக்குவார். 'மீண்டும் சொல்பவர்' என்பதே அச்சொல்லின் பொருள். ஸலாஹுத்தீன் அய்யூபியின் வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் (1145–1234), பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் முஈதாகப் பணியாற்றிய பின்னரே மோசுல் நகரில் முதர்ரிஸ் ஆனார்.

முஈத் அமர்ந்திருந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு செவியில் ஆசிரியர் சொல்வது விழும். மறு செவியில் அதனைக் கேட்ட மாணவன் என்ன புரிந்துகொண்டான் என்பது விழும். சொன்னதற்கும் புரிந்ததற்கும் இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் கண்டவர் அவர். பிறர் வகுப்பில் அமர்ந்து கற்க விரும்புவோர் பார்க்க வேண்டியதும் அந்தத் தூரத்தைத்தான்.

யாவரும் காணக்கூடிய ஒரு வகுப்பு

பல்கலைக்கழக வகுப்பொன்றைக் காண வேண்டுமாயின் முன்னாளில் அந்த ஊருக்கே செல்ல வேண்டும். இன்று வீட்டில் இருந்தபடியே காணலாம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சாண்டல் என்னும் அரசியல் தத்துவப் பேராசிரியர் 'நீதி' என்ற பெயரில் ஒரு பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார். சாண்டர்ஸ் அரங்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள் கூடிய அவ்வகுப்புகள் படமாக்கப்பட்டு, 12 பகுதிகளாக 2009-இல் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. இணையத்திலும் கட்டணமின்றிக் காணக் கிடைக்கின்றன. மதரஸாவில் பாடம் சொல்லும் எனக்கு அத்தத்துவத்தில் உடன்பாடான இடங்களும் உண்டு, உடன்படாத இடங்களும் உண்டு. நான் கற்கச் சென்றது அவர் கற்பிக்கும் முறையை.

முதல் வகுப்பில் அவர் நீதிக்கு வரையறை எதுவும் சொல்வதில்லை. ஒரு கதையைச் சொல்கிறார். நீங்கள் ஒரு டிராம் வண்டியின் ஓட்டுநர், வண்டி விரைந்து செல்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. எதிரே தண்டவாளத்தில் ஐந்து தொழிலாளர்கள் நிற்கின்றனர். பக்கத்தில் பிரியும் தடத்தில் ஒரே ஒருவர் நிற்கிறார். வண்டியைத் திருப்புவீர்களா, நேரே செல்வீர்களா? இக்கதையின் மூலவடிவத்தை 1967-இல் எழுதியவர் பிலிப்பா ஃபுட் என்னும் ஆங்கிலேயப் பெண் தத்துவ அறிஞர்.

கை உயர்த்தச் சொல்கிறார். பெரும்பாலோர் வண்டியைத் திருப்புவோம் என்கின்றனர், சிலரே மறுக்கின்றனர். ஏன் என்று முதலில் பெரும்பான்மையினரிடம் கேட்கிறார். ஐந்து உயிருக்கு ஓருயிர் என்பது அவர்கள் காரணம். பின்னர் மறுத்தவர்களையும் காரணம் சொல்ல அழைக்கிறார். அடுத்து, கதையைச் சற்றே மாற்றுகிறார். இப்போது நீங்கள் ஓட்டுநர் அல்லர். பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்ப்பவர். பக்கத்தில் பருமனான ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தள்ளிவிட்டால் வண்டி நின்றுவிடும், ஐவர் பிழைப்பர். தள்ளுவீர்களா? இப்போது பெரும்பாலோரின் கைகள் எழவில்லை. அப்படியானால் ஐந்துக்கு ஒன்று என்று சற்றுமுன் சொன்ன நியாயம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கும்போது அரங்கமே சிந்திக்கத் தொடங்குகிறது.

மும்முறை பாருங்கள்

இவ்வகுப்பை முதன்முறை காண்பவர் கதையில் மூழ்கிவிடுவார். தாமும் மனத்துக்குள் கையை உயர்த்துவார். கற்பிக்கும் நுட்பம் அப்போது கண்ணில் படுவதில்லை. நன்றாக நெய்த துணியில் இழை தெரிவதில்லை அல்லவா?

இரண்டாம் முறை பேராசிரியரை மட்டும் பாருங்கள். அவர் எப்போது பேசுகிறார், எப்போது நிறுத்துகிறார், யாரை நோக்கித் திரும்புகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை அவரை விட்டுவிட்டு மாணவர்களைப் பாருங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் இடுங்கள்: நேரம், ஆசிரியர் செய்தது, மாணவர் செய்தது. முதலிரண்டு பத்திகளும் எளிதில் நிரம்பிவிடும். மூன்றாவது பத்தியில்தான் வகுப்பின் உயிர் இருக்கிறது. ஆசிரியர் அரைமணி நேரம் அருமையாகப் பேசியிருக்கலாம். அந்த அரைமணியில் மாணவர் செய்தது என்ன என்னும் இடத்தில் 'கேட்டனர்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் எழுத இயலாவிட்டால், அவர்கள் கேட்டார்களா என்பதற்கும் உறுதியில்லை.

இவ்வாறு பார்த்ததில் நான் குறித்துக்கொண்டவை நான்கு.

ஒன்று: அவர் கேட்கும் கேள்வி எல்லோருக்கும் உரியது. கெட்டிக்கார மாணவர் ஒருவர் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியன்று. கை உயர்த்துமுன் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்தவனுக்கு அதன் முடிவை அறியும் ஆவல் தானே பிறந்துவிடுகிறது.

இரண்டு: பதிலோடு அவர் நின்றுவிடுவதில்லை, காரணத்தைக் கேட்கிறார். சரி என்றோ தவறு என்றோ உடனே தீர்ப்பளிப்பதுமில்லை. அந்தக் காரணம் தாங்குமா என்று சோதிக்க அடுத்த கதையை முன்வைக்கிறார். மாணவன் கூறிய காரணமே அவனைத் திருத்தும் கருவியாகிவிடுகிறது.

மூன்று: பேசும் மாணவரின் பெயரைக் கேட்கிறார். பின்னர் அக்கருத்தை அவர் பெயராலேயே குறிப்பிட்டு, மற்றொருவரிடம் அதற்கு மறுமொழி கேட்கிறார். ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் ஓர் இளைஞனின் பெயரும் கருத்தும் ஒருங்கே நினைவில் வைக்கப்படுகின்றன. அவ்விளைஞன் அதன்பின் உறங்குவானா?

நான்கு: கலைச்சொல் கடைசியில் வருகிறது. விளைவைக் கொண்டு நன்மை தீமையை அளப்பது ஒரு வழி. விளைவு எதுவாயினும் சில செயல்கள் செய்யத் தகாதவை என்பது மற்றொரு வழி. இவ்விரண்டுக்கும் தத்துவ நூல்களில் உள்ள பெயர்களை, மாணவர்கள் இரு வழிகளிலும் நடந்து பார்த்த பிறகே அவர் சொல்கிறார். பொருள் முன்னே வந்து காத்திருக்க, பெயர் பின்னே வந்து சேர்கிறது.

இவற்றுள் எதற்கும் பெரிய அரங்கம் வேண்டியதில்லை. பணமும் வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் வகுப்புக்கு வந்தபோது

பிறர் வகுப்பைப் பார்ப்பவர் விழக்கூடிய பள்ளம் ஒன்றுண்டு. அவருடைய குரலையும் நகைச்சுவையையும் நடையையும் அப்படியே எடுத்துக்கொண்டு வருவது. அது இரவல் சட்டை; தோளில் நிற்காது. எடுத்துவர வேண்டியது, மாணவனைச் செயற்பட வைத்த ஏற்பாட்டை மட்டுமே. டிராம் வண்டி நம் ஊரில் ஓடுவதுமில்லை. ஃபிக்ஹ் பாடத்துக்கு அது பொருந்துவதுமில்லை. எனவே வேறு கதை தேவைப்பட்டது.

வதீஆ என்பது பாதுகாத்து வைக்கும்படி ஒப்படைக்கப்பட்ட பொருள். ஆரிய்யத் என்பது பயன்படுத்திக்கொள்ள இரவலாகப் பெற்ற பொருள். இரண்டின் சட்டங்களையும் எங்கள் மாணவர்கள் அரபு வாசகத்தோடு மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களிடம் ஒரு நாள் இப்படிக் கேட்டேன்: பக்கத்து வீட்டு அம்மா வெளியூர் செல்கிறார். தம் சங்கிலியை உங்கள் உம்மாவிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போகிறார். உம்மா அதைப் பீரோவில் பூட்டி வைக்கிறார். இரவில் திருடர்கள் பூட்டை உடைத்து எடுத்துச் சென்றுவிட்டனர். உம்மா ஈடு கொடுக்க வேண்டுமா? பெரும்பாலோர் தேவையில்லை என்று கை உயர்த்தினர். காரணம் கேட்டேன், உம்மாவிடம் கவனக்குறைவு ஏதுமில்லை என்றனர்.

அடுத்து, அதே சங்கிலி, அதே பீரோ, அதே திருட்டு. ஆனால் இம்முறை அது நிக்காஹ் வீட்டுக்குப் போட்டுச் செல்ல உம்மா இரவலாக வாங்கியது. இப்போது? மீண்டும் அதே கைகள், அதே காரணம். வாசகத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அவர்களுக்கு, அந்த வாசகம் இந்தப் பீரோவைப் பற்றியும் பேசுகிறது என்பது தோன்றவில்லை. ஓதச் சொல்லிக் கேட்டிருந்தால் எல்லோரும் தேறியிருப்பர், தூரம் வெளிப்பட்டிருக்காது.

நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். இரு கதைகளுக்கும் இடையில் மாறியது என்ன என்று மட்டும் கேட்டேன். வழக்கமாக வாய்திறவாத ஒரு மாணவன்தான், முதலாவதில் சங்கிலி உம்மாவிடம் இருந்தது அந்த அம்மாவின் நன்மைக்காக, இரண்டாவதில் உம்மாவின் நன்மைக்காக என்றான். அதன்பின் கிதாபைத் திறந்தோம். ஷாஃபிஈ மத்ஹபில், பயன்படுத்த அனுமதித்த வகையிலன்றி வேறு வகையில் போய்விட்ட இரவல் பொருளுக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அத்துமீறலோ கவனக்குறைவோ இல்லாதவரை இரவலும் அமானிதமே, ஈடு இல்லை. இரு மத்ஹபையும் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்தமையால், அன்றைய தக்ரார் இஷாவுக்குப் பிறகும் நீண்டது.

பேசாத பிள்ளைகள்

இங்கே ஓர் ஐயம் எழும். கை உயர்த்துவதும் மறுத்துப் பேசுவதும் உஸ்தாதுக்கு முன் காட்ட வேண்டிய அதபுக்கு மாறானவை ஆகாவா? கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா அவர்கள் பிரச்சினைகளை முன்வைத்து மாணவர்களோடு விவாதித்தார்கள். இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் தம் ஆசிரியருக்கு மாறான முடிவுக்கு வந்த இடங்கள் பல. அந்த மாணவர்களின் பெயர்கள், ஆசிரியரின் பெயருக்கு அருகிலேயே கிதாபுகளில் இன்றும் நிற்கின்றன. அதபும் விவாதமும் ஒரே பாயில் அமரக்கூடியவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சாண்டலின் வகுப்பிலும் குறை உண்டு. ஆயிரம் பேரில் பேசக் கிடைப்பது சிலருக்கே. மீதமுள்ளவர்கள் என்ன புரிந்துகொண்டனர் என்பதைப் படக்கருவி காட்டுவதில்லை. இதற்கு விடை தேடியவர் அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசுர். 1984 முதல் அங்கே பாடம் நடத்திய அவருக்கு மாணவர்களிடம் நல்ல பெயர் இருந்தது. ஆயினும் கனரக லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகளைக் கேட்டபோது, கடினமான கணக்குகளைப் போட்டவர்களும் தடுமாறினர். இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அவ்விதியை எல்லோரும் ஒப்புவிக்கக்கூடியவர்கள்!

1991 முதல் மாசுர் முறையை மாற்றினார். சிறிது விளக்கியபின் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியே ஒரு விடையைத் தேர்வார். பின்னர் ஓரிரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் விடை கூறுவார். இந்த அனுபவத்தை 1997-இல் நூலாக வெளியிட்டார். சற்றுமுன் புரிந்துகொண்ட மாணவனுக்குத்தான் புரியாதவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்பது நன்கு தெரியும். நம் மதரஸாக்களில் மாலையில் நடக்கும் தக்ராரை வகுப்பின் நடுவிலேயே கொண்டுவந்து வைத்தது போன்றது இது.

இன்னும் எளிய ஒன்றும் உண்டு. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர், வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடி அளவே பதிலுக்குக் காத்திருப்பதைக் கண்டார். அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. தாமாகப் பேச முன்வருவோரும் பெருகினர். 1974-இல் வெளியான இந்த ஆய்வு நமக்குச் சொல்வது இதுதான்: பேசாத பிள்ளை பலவேளைகளில் அறியாத பிள்ளை அல்ல, நாம் காத்திராத பிள்ளை.

கதவைத் திறப்போம்

ஆசிரியராக உள்ள வாசகர்களே! இணையத்தில் காண்பதோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் கல்லூரியிலோ மதரஸாவிலோ ஒரு சக ஆசிரியரிடம், உங்கள் வகுப்பில் ஒரு நாள் உட்காரட்டுமா என்று கேளுங்கள். முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். மாணவரின் முகம் தெரியும்படி ஓரத்தில் அமருங்கள். மூன்று பத்தித் தாளை எடுத்துச் செல்லுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் அறிவுரை கூறாமல், இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வாரம் அவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். அழைக்காமல் பார்க்க மட்டும் செல்பவர் கற்க வந்தவராக அன்றிக் கண்காணிக்க வந்தவராகத் தோன்றுவார். நாற்பது வயதுக்குமேல் மாணவரோடு மாணவராக அமர்வதில் கூச்சம் இருக்கும். முஈதின் இருக்கை கௌரவமான இருக்கை என்பதை எண்ணிக்கொண்டால் அது தீர்ந்துவிடும்.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தாய்மார்களே, தந்தையரே! மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் பிள்ளை என்ன செய்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையாட்டும். "இதை உன் தங்கைக்குச் சொல்லிக் கொடு" என்று கூறிவிட்டுச் சற்றே காத்திருங்கள். எது விளங்கிற்று, எது விளங்கவில்லை என்பது அப்போது தானே வெளிவரும்.

சொல்வது எளிது, சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் பொறுப்பு. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளும் அமானிதமே அல்லவா? அதைக் காப்பதில் கவனக்குறைவு நேராதிருக்க எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக! வஸ்ஸலாம்.